இசை, மருத்துவம், மேலாண்மை மூன்றையும் தொடும் ஓர் ஆய்வு: தலைப்பு பிடிப்பதிலிருந்து வைவா வரை

வருடத்துக்கு நாலைந்து பேராவது என் அறைக்கதவைத் தட்டி ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "சார், மியூசிக் தெரபியில் பிஎச்.டி. பண்ணணும்." சிலர் இசைக் கல்லூரியிலிருந்து வருவார்கள், சிலர் நர்சிங் படித்தவர்கள், சிலர் எம்.பி.ஏ. முடித்துவிட்டு மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்கள். கையில் ஒரு நோட்டு இருக்கும். அதன் முதல் பக்கத்தில் ஆனந்த பைரவி ராகம் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று எழுதியிருக்கும். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் ஒரு புத்தகத்தைச் சொல்வார்கள். அந்தப் புத்தகத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் இன்னொரு புத்தகம் நிற்கும். அதற்கும் பின்னால் போனால் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் நடத்துவது புள்ளியியல். எனக்குப் பாடவும் வராது, ஊசி போடவும் வராது. ஆனால் மூன்று துறை மாணவர்களும் கடைசியில் கணக்குக்கு என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். போதாக்குறைக்கு ஓர் எத்திக்ஸ் கமிட்டியில் மருத்துவர் அல்லாத உறுப்பினராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்த மாதிரி ஆய்வுகள் எந்த இடத்தில் வழுக்கி விழும் என்று ஓரளவு தெரியும். இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு இசை கேட்கக் கொடுத்தால் பதற்றம் குறையுமா?

முதலில் ஒரு பழைய கதை

1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பு வந்தது. கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு 10 நிமிடம் மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா, அல்லது தளர்வு தரும் ஒலிநாடா, அல்லது மௌனம். பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற, இடவுணர்வைச் சோதிக்கும் கேள்விகள். மோட்சார்ட் கேட்ட பிறகு மதிப்பெண், ஐ.க்யூ. அளவில் சொன்னால் 8, 9 புள்ளி கூடியிருந்தது. அந்தப் பலன் 10, 15 நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்றும் அந்தக் குறிப்பே சொன்னது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கல்லூரி மாணவர்கள் கைக்குழந்தைகளானார்கள், 10 நிமிடம் ஆயுள் முழுவதும் என்றானது, குறுந்தகடுகள் விற்றுத் தீர்ந்தன. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத் தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டும் என்று பட்ஜெட்டில் கேட்டார். மறு வருடம் அதே 'நேச்சர்' இதழில், அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துப் பலன் மிகச் சிறியது என்று ஒருவர் எழுதினார். 2010இல் வியன்னா பல்கலைக்கழகத்தினர் ஏறக்குறைய 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மோட்சார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை என்றார்கள். முதலில் கண்டுபிடித்தவர்களோடு தொடர்புள்ள ஆய்வகங்களில் மட்டும் பலன் பெரிதாக வந்ததையும் சேர்த்தே காட்டினார்கள்.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். உளவியல்காரர்கள் அளந்ததை எழுதினார்கள், வணிகர்கள் விற்கக் கூடியதை விற்றார்கள். ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு முடிவு கைமாறும்போது "அது அப்படி இல்லையே" என்று சொல்லும் ஆள் நடுவில் இல்லை. துறை தாண்டும் ஆய்வில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆபத்து இதுதான். டாக்டர் ராகத்தை அப்படியே நம்பிவிடுவார், பாடகர் பி மதிப்பை (உண்மையில் பலன் இல்லாவிட்டாலும் இப்படியொரு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) அப்படியே நம்பிவிடுவார், நிர்வாகி இரண்டையும் நம்பிவிடுவார். கீழே வரும் ஒவ்வொரு படியையும், அந்தப் படியில் தப்புக் கண்டுபிடிக்கக்கூடிய ஆளை எப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்ற கண்ணோட்டத்தில் படியுங்கள்.

படி 1: எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள்?

மூன்று துறையைத் தொடலாம், பதிவு ஒரு துறையில்தான். பட்டத்தில் அச்சாகப் போவது அந்தத் துறையின் பெயர், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காரப் போவது அந்தத் துறைக்காரர்கள். ஆகவே கேள்வியை அந்த வீட்டு மொழியில் வையுங்கள்.

நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நர்சிங் அல்லது மருத்துவத்தில் பதிந்தால் கேள்வி இப்படி வரும்: குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வரும் பெரியவர்களுக்கு, 30 நிமிடம் கருவியிசை கேட்கக் கொடுத்தால், வழக்கமான கவனிப்பை மட்டும் பெறுபவர்களைவிடப் பதற்ற மதிப்பெண் குறைகிறதா? யாருக்கு, என்ன கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை அளக்கிறோம் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இசையியலில் பதிந்தால் வேறு கேள்வி: நோயாளிகள் 'அமைதி தருகிறது' என்று தேர்ந்தெடுக்கும் இசையில் தாளம், கமகம், சுருதி எப்படி அமைந்திருக்கின்றன? மேலாண்மை என்றால் மூன்றாவது கேள்வி: இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு, நோயாளியின் திருப்தியிலும் மருத்துவமனைக் கணக்கிலும் எப்படித் திரும்பி வருகிறது?

மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் அடைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒன்று முதன்மை, மற்றவை துணை. எது முதன்மை என்று ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் அது உங்களைப் பலமுறை காப்பாற்றும்.

படி 2: கைடு, கோ-கைடு

நம் ஊரில் தலைப்பைவிட கைடுதான் பிஎச்.டி.யைத் தீர்மானிக்கிறார் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 விதிமுறைப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். ஓய்வுபெற 3 வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. படிப்புக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. ஆகவே முதல் சந்திப்பிலேயே, மரியாதையாகத்தான், "சார், இப்போது உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எப்போது ஓய்வு?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டு, நாலாம் வருடம் கைடு மாற்றும் படிவத்தோடு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும்?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் சிரிப்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

விதிமுறை வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் கோ-கைடு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. இதைப் பயன்படுத்துங்கள். மெயின் கைடு நர்சிங் என்றால் கோ-கைடு இசைத்துறையிலிருந்து வரட்டும். பெயருக்கு மட்டும் கையெழுத்துப் போடுபவர் வேண்டாம். டாக்டரல் கமிட்டியில் "இந்த ராகத்துக்கு நீங்கள் எழுதியிருக்கும் ஆரோகணமே தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடியவராகப் பாருங்கள்.

இந்த இடத்தில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1859இல் பிறந்தவர். ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிச் சித்த மருத்துவரானவர், மருந்து விற்றுச் செல்வம் சேர்த்தவர், அந்தப் பணத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டியவர். மருத்துவம், வணிகம், இசை மூன்றும் ஒரே ஆளிடம்! ஒரு ஸ்தாயியில் உள்ள நுண்ணிய சுருதிகள் 22 அல்ல, 24 என்பது அவர் கட்சி. அதை அச்சடித்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1912 முதல் தன் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டி, ஒத்துக்கொள்ளாத வித்வான்களையும் அழைத்து விவாதித்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குத் தன் மகள்களையும் அழைத்துப் போய்ச் செய்து காட்டினார். 'கருணாமிர்த சாகரம்' 1917இல்தான் வெளிவந்தது. அவருடைய 24 இன்றும் விவாதத்துக்குரியது, அது வேறு. ஆனால் எதிர்க்கட்சிக்காரரை விருந்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய அந்த ஏற்பாட்டைத்தான் இன்று நாம் கோ-கைடு, கமிட்டி என்று படிவத்தில் நிரப்புகிறோம்.

ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே, என்ன பேசினோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஐந்து வரியில் கைடுக்கும் கோ-கைடுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கு அப்புறம் இடம் இருக்காது.

படி 3: ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது?

ஒரே விஷயத்துக்கு மூன்று துறையிலும் மூன்று பெயர். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடி "இந்தத் துறையில் ஆய்வே இல்லை" என்று ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸில் எழுதுபவர்கள் ஏராளம்.

மருத்துவத்தில் 'மியூசிக் தெரபி' என்றால் பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் நோயாளியோடு உட்கார்ந்து நடத்துவது. பதிவு செய்த இசையை நர்ஸ் ஹெட்போனில் போட்டுவிட்டால் அது 'மியூசிக் மெடிசின்'. நம் உதாரணம் இரண்டாவது வகை. இரண்டையும் குழப்பி எழுதினால் விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். மேலாண்மையில் இதே இசை, கடை போன்ற இடங்களின் சூழலைப் பற்றிப் பேசும் 'அட்மாஸ்பியரிக்ஸ்', 'சர்வீஸ்ஸ்கேப்' என்ற தலைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். 1982இல் மில்லிமன் என்பவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மெதுவான இசை போட்ட நாட்களில், வேகமான இசை போட்ட நாட்களைவிட விற்பனை 38 சதவீதம் கூடியதாகக் காட்டிய ஆய்வை அங்கேதான் பிடிக்க முடியும். மருத்துவத்துக்கு பப்மெட், இசைக்கு ரில்ம், மேலாண்மைக்கு உங்கள் நூலகம் சந்தா கட்டும் தரவுத்தளம், நம் நாட்டு ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்தால் 2025இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உங்களுக்கு எந்த இதழ்கள் திறக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள். அவரிடம் இதைக் கேட்க யாரும் வருவதில்லை, சந்தோஷப்படுவார்.

தொகுப்பாய்வுகளை முதலில் படியுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் பற்றி மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பில் 26 சோதனைகள், 2,051 நோயாளிகள். இசை கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, ஆனால் பல சோதனைகளின் தரம் போதாது என்பது அதன் சாரம். 2015இல் 'லான்செட்' இதழில் 73 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, பதற்றம், வலிமருந்துத் தேவை மூன்றும் இசையால் குறைந்தன, திருப்தி கூடியது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை மேலாண்மை மாணவர்கள் இரண்டு முறை படிக்கவும். நிர்வாகி கேட்கப் போகும் முதல் கேள்வி "படுக்கை சீக்கிரம் காலியாகுமா?" என்பதுதான். ஆகாது என்று இப்போதே தெரிந்துவிட்டது. உங்கள் ஆய்வின் வணிகப் பகுதியைத் திருப்தியின் மேலும் மருந்துச் செலவின் மேலும் கட்டுங்கள்.

படி 4: இசையை மருந்துபோல் எழுதுங்கள்

"நோயாளிகளுக்கு ஆனந்த பைரவி ராகம் 30 நிமிடம் ஒலிக்கச் செய்யப்பட்டது." இப்படி எழுதிக்கொண்டு வருகிறார்கள். "மாத்திரை கொடுக்கப்பட்டது" என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம்?

ஆலாபனையா, கீர்த்தனையா? சொல் உண்டா, இல்லையா? குரலா, வீணையா, புல்லாங்குழலா? சுருதி என்ன? மிருதங்கம் உண்டா? நிமிடத்துக்கு எத்தனை தட்டு? காதில் எத்தனை டெசிபல்? யார் வாசித்தது, எங்கே பதிவானது? நோயாளியே தேர்ந்தெடுத்தாரா, நாம் கொடுத்தோமா? இவ்வளவும் எழுதினால்தான் இன்னொருவர் அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடியும். இசைத் தலையீடுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2011இல் வந்த வழிமுறையும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்கிறது.

இசைக்காரர்கள் இந்த இடத்தில் நியாயமாகவே ஒரு கேள்வி எழுப்புவார்கள். ஒரே ராகம் ஒருவருக்குத் தாலாட்டு, இன்னொருவருக்கு அப்பா இறந்த வீட்டில் கேட்ட பாட்டு. நாதஸ்வரம் என்றால் பாதிப் பேருக்குக் கல்யாணப் பந்தல்தான் கண்ணில் வரும். ஆகவே ராகத்துக்கென்று ஒரு குணம் இருக்கிறது என்று முதலிலேயே முடிவுகட்டாதீர்கள். அது உங்கள் ஆய்வு சோதிக்க வேண்டிய கருத்து. உண்மையிலேயே ராகம்தான் காரணமா என்று பார்க்க வேண்டுமானால், அதே கலைஞர், அதே கருவி, அதே வேகத்தில் வேறொரு ராகத்தை வாசித்துக் கேட்கும் மூன்றாவது குழு வேண்டும். அந்தக் குழு இல்லாத ஆய்வு "இசை உதவுகிறது" என்று சொல்லலாம், "ஆனந்த பைரவி உதவுகிறது" என்று சொல்ல முடியாது.

கடையில் வாங்கிய பதிவைப் போடாமல், ஒரு கலைஞரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, சம்பளம் கொடுத்து, தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிப்புரிமைத் தலைவலியும் இல்லை, வேகமும் நீளமும் உங்கள் கையில் இருக்கும்.

படி 5: எதைக் கொண்டு அளப்பது?

பதற்றத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஸ்பீல்பெர்கர் வினாத்தாளில், அந்த நேரத்துப் பதற்றத்துக்கு 20 கேள்விகள், மதிப்பெண் 20 முதல் 80 வரை. அதற்கு உரிமம் வாங்க வேண்டும், முதலிலேயே செலவில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழாக்கத்தை நீங்களே ஓர் இரவில் செய்யக் கூடாது. ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும், பிறகு பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் படித்துக் காட்ட வேண்டும்.

கடைசிப் படியைத் தவிர்க்க நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். ஒரு மாணவி தன் தமிழாக்கத்தோடு வார்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். கரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், 60 வயது இருக்கும், ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தார். "இறுக்கமாக உணர்கிறீர்களா?" என்று இவள் வாசித்தாள். அந்த அம்மா அங்கியின் தோள்பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இல்ல கண்ணு, தொளதொளன்னுதான் இருக்கு" என்றார். மாணவி என்னைப் பார்த்தாள். "பயமா இருக்காம்மா?" என்று நான் கேட்டேன். "பயமெல்லாம் இல்ல சாமி. நெஞ்சுதான் படபடங்குது, வயித்தக் கலக்குது." வினாத்தாளின்படி அந்த அம்மாவுக்கு இறுக்கமும் இல்லை, பயமும் இல்லை. எழுதியிருந்தால் அவர்தான் அந்த வார்டிலேயே நிம்மதியான ஆள்.

ரத்த அழுத்தமும் அளக்கிறீர்களா? 5 நிமிடம் உட்காரவைத்த பிறகு, கைக்கு ஏற்ற பட்டையோடு, ஒரே கருவியில், இரண்டு முறை எடுத்துச் சராசரி. மேலாண்மைப் பக்கத்துத் திருப்திக் கேள்விகளுக்கு 'சற்றும் இல்லை' முதல் 'முழுக்க ஆமாம்' வரை ஐந்து படி உள்ள லிக்கர்ட் அளவை போதும். ஆனால் ஆஸ்பத்திரி ஊழியரே கேட்டால் நம் மக்கள் எல்லாவற்றுக்கும் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்கள். வெளியாளை வைத்துக் கேளுங்கள்.

முக்கியமான ஒன்று: முதன்மை அளவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். பதற்றம், நாடித்துடிப்பு, வலி, தூக்கம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 விஷயங்களை அளந்தால், இசைக்கு எந்தப் பலனுமே இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்றிலாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் அது ஆய்வு அல்ல, லாட்டரி முடிவு.

படி 6: எத்தனை பேர் வேண்டும்?

"முந்தைய ஆய்வில் 30 பேர், அதனால் நானும் 30" என்று சொல்லாதீர்கள். கணக்கு ஒன்றும் பெரிதல்ல. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது, 80 சதவீதத் திறனும் (இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை வரம்பும் (இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) வைத்துக்கொண்டால், ஒரு குழுவுக்குத் தேவையானவர்கள் ஏறக்குறைய 16 பெருக்கல், (திட்டவிலக்கம் வகுத்தல் எதிர்பார்க்கும் வித்தியாசம்) வர்க்கம்.

பதற்ற மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 10, குறைந்தது 5 புள்ளியாவது குறைந்தால்தான் பொருள் உண்டு என்று வைப்போம். 10ஐ 5ஆல் வகுத்தால் 2, அதன் வர்க்கம் 4, 16ஆல் பெருக்கினால் 64. ஒரு குழுவுக்கு 64 பேர். பத்துக்கு ஒருவர் நடுவில் விலகுவார் என்று வைத்தால் 72. இரண்டு குழுவுக்கு 144.

உடனே வார்டுக்குப் போய்ப் பதிவேட்டைப் பாருங்கள். வாரத்துக்குத் தகுதியான நோயாளிகள் 10 பேர், அதில் 6 பேர் சம்மதிப்பார்கள் என்றால் 24 வாரம். தீபாவளி, பொங்கல், டாக்டர் விடுப்பு எல்லாம் சேர்த்து 8 மாதம் என்று எழுதுங்கள். 3 புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டால் ஒரு குழுவுக்கே 178 பேர் வேண்டும். ஆசை எவ்வளவு விலை என்று இங்கே தெரியும்.

படி 7: எத்திக்ஸ் கமிட்டி, பிறகு பதிவு, பிறகுதான் நோயாளி

இந்த வரிசையை மாற்றவே முடியாது. "பாட்டுத்தானே கேட்கவைக்கிறோம், ஊசியா போடுகிறோம்?" என்று கேட்பார்கள். நோயாளி நோயாளிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி கமிட்டியில் வெளியார், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், சாதாரணக் குடிமகன் என்று எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும். நாங்கள் இசையைப் பற்றிக் கேட்பதைவிடச் சம்மதப் படிவத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்போம். தமிழில் இருக்கிறதா? படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி யார்? வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சை அப்படியே தொடரும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா? சம்மதம் கேட்கப் போவது அறுவை சிகிச்சை செய்யப் போகும் அதே டாக்டரா? அவர் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

கமிட்டி ஒப்புதல் வந்ததும் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், கமிட்டிக் கூட்டம் தள்ளிப்போகிறதே என்று அவசரப்பட்டு 30 பேரிடம் தகவல் சேகரித்துவிட்டார். நல்ல பையன், நல்ல தகவல். ஒன்றையும் பயன்படுத்த முடியவில்லை.

படி 8: குலுக்கலும் உறையும்

யார் இசைக் குழு, யார் ஒப்பீட்டுக் குழு என்பதை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. பாவம், இந்தப் பாட்டி ரொம்பப் பயப்படுகிறாள் என்று இசைப் பக்கம் தள்ளிவிடுவீர்கள். கணினியில் நான்கு நான்கு பேராக அடுக்கிய குலுக்கல் வரிசை ஒன்றை எடுத்து, எண்ணிட்ட, ஒளி ஊடுருவாத உறைகளில் ஒட்டி, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நோயாளி கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறை திறக்க வேண்டும்.

தனக்கு இசை வருகிறதா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒலியில்லாத ஹெட்போனைப் போட்டுவிட்டால், வெளிச்சத்தம் அடங்குவதன் பலன் இரண்டு பக்கமும் சமமாகும், கேள்வி கேட்க வரும் நர்ஸுக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது. "உங்களுக்குப் பாட்டு வந்துச்சான்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்று நோயாளியிடம் சொல்லிவையுங்கள். பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டு அதையும் எழுதுங்கள்.

படி 9: கணக்கு, எழுத்து, பெயர் வரிசை

கணக்கைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், ஆகவே ஒன்று மட்டும். தகவல் வருவதற்கு முன்பே எந்தச் சோதனை போடப் போகிறீர்கள் என்று எழுதி, தேதியிட்டு வைத்துவிடுங்கள். பி மதிப்போடு வித்தியாசத்தின் அளவையும் நம்பக எல்லையையும் (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்பதை) கொடுங்கள். பலன் இல்லை என்று வந்தாலும் அது முடிவுதான், அதற்கும் பட்டம் உண்டு.

எழுதும்போது, குலுக்கல் முறைச் சோதனைகளை அறிக்கையிடுவதற்கான கன்சார்ட் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை யூஜிசியின் 2018 விதிமுறை விட்டுவிடுகிறது, 60 தாண்டினால் பதிவே ரத்து.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி எழுதிவைக்க வேண்டும். இசையியலில் பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர். மருத்துவத்தில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் தனி மதிப்பு. வாசித்துக் கொடுத்த கலைஞரை நன்றியுரையில் போடுவதா, ஆசிரியராகச் சேர்ப்பதா? மருத்துவ இதழாசிரியர்கள் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: கணிசமான பங்களிப்பு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால் அவர் ஆசிரியர். இல்லாவிட்டால் துறைத்தலைவரே ஆனாலும் இல்லை. (சொல்வது எளிது. தெரியும்.)

இதழ் தேர்வில் ஜாக்கிரதை. ஏற்கத்தக்க இதழ்கள் என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது, "கேர் பட்டியலில் உள்ளோம்" என்று இப்போதும் விளம்பரப்படுத்தினால் அதுவே ஓர் எச்சரிக்கை. 48 மணி நேரத்தில் ஏற்பு, கட்டணத்தில் தள்ளுபடி, இசையும் இயந்திரப் பொறியியலும் ஒரே இதழில் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். உங்கள் ஆய்வேட்டில் நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தனவோ, அங்கேயே அனுப்புங்கள்.

படி 10: வைவா

பொது வைவாவுக்கு முன் ஒத்திகை ஒன்று நடத்துங்கள், ஆனால் நண்பர்களை வைத்து வேண்டாம். ஒரு மயக்கவியல் மருத்துவர், ஒரு வித்வான், ஒரு மேலாண்மை ஆசிரியர் மூவரையும் ஒரு சனிக்கிழமை மதியம் காபிக்குக் கூப்பிடுங்கள். மருத்துவர் "முன்மருந்தாக என்ன கொடுத்தீர்கள்? இரண்டு குழுவுக்கும் ஒரே அளவா?" என்பார். வித்வான் "இந்த வேகத்தில் வாசித்தால் அந்த ராகத்தின் சாயலே வராதே" என்பார். மேலாண்மைக்காரர் "ஒரு நோயாளிக்கு எவ்வளவு ஆயிற்று?" என்பார். ஹெட்போன் விலை, காதுறை, கிருமிநாசினி, நர்ஸின் நேரம், பதிவுச் செலவு எல்லாவற்றையும் 144ஆல் வகுத்து அந்த எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் அசல் நாளில் பெரிய அதிர்ச்சி எதுவும் வராது.

அப்புறம், ஆய்வு முடிந்ததும் ஹெட்போன்களை வார்டுக்கே கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நிதி நல்கையில் வாங்கியதாக இருந்தால் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ-டியூஸ் கையெழுத்துக்குப் போகும்போது அலுவலகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.